காய்ச்சலா, சளியா? எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?

12 அக்டோபர் 2024, ஒரு வாசகர் கேட்டது

காய்ச்சல் அடித்தால் ஃப்ளூ, அடிக்காவிட்டால் சாதாரண சளி. வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம். இதற்குப் போய் டாக்டர், டெஸ்ட் என்று ஏன் அலைகிறார்கள்? எப்படியும் மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம்.

12 அக்டோபர், இரவு

தெர்மாமீட்டர் போதாது. அதை மட்டும் நம்பி ஒருமுறை என் அப்பாவையே பறிகொடுக்கப் பார்த்தேன். அந்தக் கதை நீளம், உட்கார்ந்து எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் யாராவது உடம்பு சரியில்லை என்றால் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?"

சளி பிடித்தவருக்கு இதற்குப் பதில் தெரியாது. "நேத்தே தொண்டை கரகரன்னு இருந்தது, காலையில நாலு தும்மல், இப்போ மூக்கு ஒழுகுது" என்று படிப்படியாகச் சொல்வார். ஃப்ளூ வந்தவர் மணி சொல்வார். "மத்தியானம் நல்லாச் சாப்பிட்டேன், நாலு மணிக்கு பஸ் ஏறும்போது குளிர் எடுத்தது, வீட்டுக்கு வந்து விழுந்தவன்தான்." உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி, கண்ணை உருட்டினாலே வலி, வறட்டு இருமல், 102, 103 என்று ஏறும் காய்ச்சல். மூக்கு ஒழுகினால் அது சளி, ஃப்ளூவில் மூக்கு வறண்டுதான் இருக்கும்.

(17 நவம்பரில் சேர்த்தது: மூக்கைப் பற்றிய கடைசி வரி தவறு. கீழே திருத்தியிருக்கிறேன்.)

13 அக்டோபர்

"அதென்ன மணிக்கணக்கு, ஜோசியமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காரணத்தோடுதான் சொன்னேன்.

சளியைக் கொண்டுவருவதில் முதல் ஆள் ரைனோவைரஸ். அதில் மட்டும் நூறு ரகத்துக்கு மேல் உண்டு, அதனால்தான் வருடத்துக்கு மூன்று தடவை பிடித்தாலும் மறுபடி பிடிக்கிறது. உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியான இடத்தில், 33 முதல் 35 டிகிரி செல்சியஸில், அது நன்றாகப் பெருகும். மூக்கு அப்படிப்பட்ட இடம். ஆகவே பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருந்துவிட்டுப் போய்விடும். ஃப்ளூவைக் கொண்டுவரும் இன்ஃப்ளுயன்ஸா வைரஸ் அப்படி மேலோடு நிற்காது, மூச்சுக்குழாய், நுரையீரல் என்று கீழே இறங்கும். அதை எதிர்க்க உடம்பு இன்டர்ஃபெரான் போன்ற பொருள்களை ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டும். கை கால் வலிக்கிறதே என்றால் வைரஸ் காலுக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சண்டை நடப்பது மூச்சுப் பாதையில், புழுதி பறப்பது உடம்பு முழுக்க.

இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. ஆரம்பித்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாதவருக்கு 48 மணி எப்போது முடிகிறது என்று எப்படித் தெரியும்? அதனால் மணியைக் கேட்பதோடு நிறுத்தாமல் எழுதியும் வைக்கிறேன்.

15 அக்டோபர்

சென்னையில் விடாத மழை, பள்ளிக்கு விடுமுறை, மகள் வீட்டில். வேளச்சேரியில் இருந்து ஒருவர் கேட்கிறார்: உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி, திடீர்க் காய்ச்சல் எல்லாம் டெங்குவிலும் வருமே?

ஆமாம், வரும். நம் ஊரில் சளியா ஃப்ளூவா என்பதோடு கேள்வி முடிவதில்லை. வடக்கே மழைக்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சத்துக்குப் போகும். சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில்தான் ஏறும். டெங்கு கொசுவுக்கும் அதே மாதங்கள்தான் கொண்டாட்டம். இரண்டும் ஒரே தெருவில் சுற்றும்.

நான் பார்ப்பது தொண்டையையும் இருமலையும். டெங்குவில் இருமலும் தொண்டை வலியும் பெரிதாக இருக்காது. வாந்தி, வயிற்று வலி, தோலில் சிவப்புத் தடிப்பு இருந்தால் டெங்கு பக்கம் யோசிக்கலாம். ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மழைக்காலத்தில் உடம்பு வலியோடு காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு தெரியும். ஃப்ளூவில் காய்ச்சல் விட்டால் நிம்மதி. டெங்குவிலோ காய்ச்சல் விடுகிற அந்த நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும். மூன்றாம் நாளில் இருந்து ஏழாம் நாள் வரை, "சரியாயிடுச்சு" என்று எழுந்து குளிக்கிற வேளையில் ஆள் சரிந்துவிடலாம். இரண்டும் கையாள வேண்டிய விதமே வேறு.

எது என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும்தான். இப்யூபுரோஃபன், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். குழந்தைகளுக்கு ஃப்ளூவிலும் ஆஸ்பிரின் கூடாது, மூளையையும் ஈரலையும் தாக்கும் ரைஸ் சிண்ட்ரோம் வர வாய்ப்பு உண்டு.

19 அக்டோபர்

அப்பா கதை.

2023 மார்ச். எச்3என்2 என்ற ஃப்ளூ ரகம் பரவிக்கொண்டிருந்த நேரம். தமிழ்நாட்டில் மார்ச் 10ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் போட்டார்கள், நினைவிருக்கும். எங்கள் தெருமுனையிலும் ஒரு முகாம் நடந்தது. நான் அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போனேன்.

அப்பாவுக்கு அப்போது 74 வயது. இருபது வருடச் சர்க்கரை நோய். முதல் நாள் லேசாக இருமினார். தெர்மாமீட்டர் வைத்தேன், 99.2. "சளிதான்பா, ஆவி பிடிங்க" என்று நொச்சி இலை போட்டுக் கொடுத்தேன். மிளகு ரசம் வைத்தேன். இரண்டாம் நாளும் 99தான். இரண்டு இட்லியில் ஒன்றை வைத்துவிட்டார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

எங்கள் கூடத்தில் தினசரி காலண்டர் தொங்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அப்பாதான் காலை ஐந்து மணிக்கு எழுந்து, முகம் கழுவி, முந்தைய நாள் தாளைக் கிழிப்பார். கிழித்ததை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், மளிகைக் கணக்கு எழுத. வெளியூர் போனால்கூடத் திரும்பி வந்து விட்ட தாள்களை ஒவ்வொன்றாகக் கிழிப்பார், கொத்தாகக் கிழிக்க மாட்டார். மூன்றாம் நாள் காலையில் பால் காய்ச்சிவிட்டுத் திரும்பியபோது பார்த்தேன். காலண்டர் இரண்டு நாள் பின்தங்கி நின்றது.

அவர் அறைக்குப் போனேன். கட்டில் ஓரத்தில் ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்கார்ந்திருந்தார். "அம்மா இன்னும் கோயில்ல இருந்து வரலையா?" என்று கேட்டார். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஆட்டோவில் போகும்போது என் தோளில் சாய்ந்தபடி வந்தார், அப்போதும் உடம்பு சுடவில்லை. மருத்துவமனையில் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை 89 என்று காட்டியது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் இன்ஃப்ளுயன்ஸா ஏ. 48 மணி நேரம் தாண்டியிருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு இருப்பவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பார்கள் என்று சொல்லி ஒசெல்டாமிவிர் தொடங்கினார்கள். எட்டு நாள் ஆக்சிஜனோடு இருந்தார். பிழைத்தார்.

டாக்டர் அன்று சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன்: "வயசானவங்களுக்குக் காய்ச்சல் ஏறணும்னு அவசியமில்லைம்மா. உடம்புல அதுக்குத் தெம்பு இருக்காது. சாப்பாடு குறையுதா, நடை தள்ளாடுதா, பேச்சு குழம்புதா, அதைப் பாருங்க."

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். காய்ச்சல் அடிக்காவிட்டால் சாதாரண சளி என்று எழுதினீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

20 அக்டோபர்

நேற்று எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. இன்னொன்று தோன்றியது. என்னுடைய மணிக்கணக்கும் அப்பா விஷயத்தில் பலிக்கவில்லை. "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுப்பா?" என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. ஆக, அந்தக் கேள்வி நடு வயதுக்காரர்களுக்கு. முதியவர்களுக்கு வேறு கேள்வி வேண்டும்: தினமும் தவறாமல் செய்கிற எதை இன்று செய்யவில்லை? ஒருவருக்குப் பேப்பர், ஒருவருக்கு வெற்றிலை, ஒருவருக்குச் சீரியல்.

26 அக்டோபர்

மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு மாத்திரை கொடுங்க" என்றால் சிறிய காகிதக் கவரில் மூன்று வேளைக்குக் கலந்து போட்டுத் தருவதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். நானும் வாங்கியவள்தான். ஒருமுறை அந்தக் கவரைப் பிரித்து மாத்திரைகளை டாக்டரிடமே காட்டினேன். ஒன்று பாராசிட்டமால், ஒன்று சளிக்கானது, அதிலும் பாராசிட்டமால் கலந்திருந்தது, ஒன்று அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். நான்காவது, சின்னதாக வெள்ளையாக இருந்தது, ஸ்டீராய்டு. அதனால்தான் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் "என்ன அருமையான மாத்திரை" என்று தோன்றியிருக்கிறது.

சளியும் வைரஸ், ஃப்ளூவும் வைரஸ். ஆன்டிபயாடிக் இரண்டையும் தொடாது. 2023 மார்ச்சிலேயே இந்திய மருத்துவச் சங்கம் இதை அறிக்கையாக வெளியிட்டது: காய்ச்சல் மூன்று நாளில் போகும், இருமல் மூன்று வாரம் வரை நீடிக்கலாம், அதற்கு அசித்ரோமைசினும் அமாக்ஸிக்ளாவும் விழுங்காதீர்கள் என்று.

பாராசிட்டமால் இரட்டிப்பாவதையும் கவனியுங்கள். தனியாக 650 மில்லிகிராம் ஒன்று, சளி மாத்திரைக்குள் 500 மில்லிகிராம் ஒன்று என்று போனால் ஒரு நாளில் எவ்வளவு ஆகிறது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு, அதற்கு மேல் ஈரல் தாங்காது.

2 நவம்பர்

தீபாவளி முடிந்து வீடு முழுக்க லேகிய வாசனை. யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார், அங்கே சளி பிடிப்பதைத் "தடிமன்" என்பார்களாம். நல்ல சொல், மூக்கடைத்த தலையின் கனம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நம் பக்கம் ஜலதோஷம், நீர்க்கோவை. ஃப்ளூவுக்கு மட்டும் நம்மிடம் தனிப்பெயர் ஒட்டவில்லை. விஷ ஜுரம், வைரல் ஃபீவர், சளிக் காய்ச்சல் என்று எதையாவது சொல்லி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

இதை அப்பாவிடம் சொன்னபோது 1957ஐ எடுத்தார். அந்த வருடம் மே மாதம் சிங்கப்பூரில் இருந்து வந்த கப்பலோடு ஆசிய ஃப்ளூ சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, இங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. அப்போது ஃப்ளூ வைரஸை ஆராயும் மையம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்தது. அப்பாவுக்கு எட்டு வயது. "ராயபுரத்து வீட்ல ஏழு பேரும் ஒரே கூடத்துல வரிசையாப் படுத்திருந்தோம். எங்க பாட்டி மட்டும் எழுந்து ஒரு பெரிய அண்டாவுல கஞ்சி வெச்சு, படுக்கை படுக்கையாப் போய் ஊத்தினாங்க. வெள்ளிக்கிழமை ஒருத்தர், செவ்வாய்க்கிழமைக்குள்ள எல்லாரும்." இதில் ஒரு துப்பு இருக்கிறது பாருங்கள். ஃப்ளூ உடம்புக்குள் போய் ஒன்று முதல் நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டே நாளில், தலைகாட்டும். அதனால் சில நாளிலேயே வீடே படுத்துவிடும்.

பாட்டிக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று என் மகள் கேட்டாள். "வந்திருக்கும். படுக்க நேரமில்லை" என்றார் அப்பா.

9 நவம்பர்

மகளுக்கு நேற்று மாலை 101.5. மூக்கு ஒழுகல், தும்மல். ஒன்பது வயது. இந்த இழையை எழுதி எழுதி எனக்கு எல்லாமே ஃப்ளூவாகத் தெரிகிறது, ஆறு மணிக்கே குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். காத்திருந்த நேரத்தில் அவள் அங்கிருந்த மீன்தொட்டியைச் சுற்றி இன்னொரு பையனோடு ஓடிப்பிடித்து விளையாடினாள். டாக்டர் அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "101.5 இருக்கிற ஃப்ளூ குழந்தை இப்படி ஓடாதும்மா, மடியில கிடக்கும். குழந்தைங்களுக்குச் சாதாரண சளியிலயே காய்ச்சல் வரும்" என்றார். இன்று காலை 99. தோசை கேட்டாள்.

ஆக, முதியவருக்குக் காய்ச்சல் இல்லாமலே ஃப்ளூ வரலாம், குழந்தைக்குக் காய்ச்சலோடும் சளி வரலாம். குழந்தைகளுக்கு ஃப்ளூவில் வாந்தி, வயிற்றுப்போக்கும் வருவது உண்டு. எண்ணைப் பார்ப்பதைவிட, காய்ச்சல் இறங்கியிருக்கும் நேரத்தில் குழந்தை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வேகமாக மூச்சு வாங்குகிறதா, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா, தண்ணீர் குடிக்க மறுக்கிறதா, சிறுநீர் குறைந்துவிட்டதா? இதில் ஒன்று இருந்தாலும் மணி பார்க்க வேண்டாம், கிளம்புங்கள்.

17 நவம்பர்

படுக்கையில் இருந்து எழுதுகிறேன், சுருக்கமாக.

நேற்று மாலை 3.40. எனக்கு மணி தெரியும். துணி மடித்துக்கொண்டிருந்தேன், கையில் மகளின் யூனிஃபார்ம். முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் தண்ணீர் ஊற்றின மாதிரி. மடித்த துணியின் மேலேயே படுத்துவிட்டேன். ஐந்து மணிக்கு 103. தலைமுடியைத் தொட்டால்கூட வலித்தது.

ஆனால் மூக்கும் கொட்டுகிறது, தும்மலும் இருக்கிறது. ஃப்ளூவில் மூக்கு வறண்டிருக்கும் என்று முதல் நாள் எழுதினேனே, அது தவறு. ஃப்ளூவிலும் மூக்கு ஒழுகும். உடம்பு வலிக்கிற வலியில் அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இன்று காலை கிளினிக்கில் செய்த உடனடிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டர் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். அந்தப் பரிசோதனை "இருக்கிறது" என்றால் நம்பலாம், "இல்லை" என்றால் நம்ப முடியாது, ஃப்ளூ இருப்பவர்களிலேயே நிறையப் பேரை விட்டுவிடும் என்றார். பிசிஆர் என்ற லேப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பிவிட்டு, வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருப்பதால் காத்திருக்க வேண்டாம் என்று ஒசெல்டாமிவிர் 75, காலையும் மாலையும், ஐந்து நாளைக்கு எழுதினார். ஆரம்பித்து 18 மணி நேரம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கும் தடுப்பாகத் தினம் ஒன்று. அவர் இப்போது என் அறை வாசலைத் தாண்டக் கூடாது. நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார், முகக்கவசத்தோடு.

18 நவம்பர்

பிசிஆரில் இன்ஃப்ளுயன்ஸா ஏ. மாத்திரை குமட்டுகிறது, சாப்பிட்ட பிறகு போட்டால் பரவாயில்லை.

24 நவம்பர்

காய்ச்சல் நான்காம் நாள் விட்டது. சோர்வு விடவில்லை. மாடிப்படி பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். சளி பிடித்தபோதெல்லாம் மூக்கைத் துடைத்துக்கொண்டே சமைத்திருக்கிறேன், இதில் அது முடியாது. வித்தியாசத்தை ஒரே வரியில் கேட்டால் இப்போது இதைச் சொல்வேன்.

இனிமேல் கவனிக்க வேண்டியது இரண்டாம் சுற்று. காய்ச்சல் விட்டு, தேறி வருகிற நேரத்தில் மறுபடி காய்ச்சல் ஏறி, இருமல் மோசமாகி, சளி நிறம் மாறினால் நுரையீரலில் பாக்டீரியா புகுந்திருக்கலாம். ஆன்டிபயாடிக் தேவைப்படும் இடம் அதுதான். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், உதடு நீலமாவது, ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்குவது, இவற்றுக்கெல்லாம் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

"ஊசி போட்டும் எங்களுக்குச் சளி வந்தது, வீண் செலவு" என்று எழுதியவருக்கு: அந்த ஊசி ஃப்ளூவுக்கான தடுப்பூசி. ரைனோவைரஸை அது தடுக்காது. சளியையும் ஃப்ளூவையும் பிரித்துப் பார்க்காததால் நல்ல ஊசிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. வைரஸ் உருவம் மாற்றிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும், பலன் தொடங்க இரண்டு வாரம் ஆகும். போட்டாலும் சிலருக்கு ஃப்ளூ வரும், ஆனால் ஆஸ்பத்திரி வரை போவது குறையும். 2023க்குப் பிறகு அப்பாவுக்குத் தவறாமல் போடுகிறேன். எனக்குப் போடவில்லை, அடுத்த வருடம் போட்டுக்கொள்வேன். இந்த முறை ஒரே வீட்டில் நான் 103இல் கிடந்தும் அப்பாவுக்கு வரவில்லை. ஊசியா, மாத்திரையா, வாசலில் போட்ட நாற்காலியா, எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மூன்றையும் மறுபடி செய்வேன்.

2 டிசம்பர்

கேள்வியை ஆரம்பித்தவர் தனியாக எழுதியிருந்தார். திருச்சியில் இருக்கும் அவருடைய அம்மாவிடம் தினமும் போனில் "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்பாராம். இப்போது "இன்னைக்குக் கோலம் போட்டீங்களா?" என்று கேட்கிறாராம். நல்ல கேள்வி.

எனக்கு இருமல் இன்னும் இருக்கிறது, இரவில் அதிகம். இன்று காலை கூடத்தில் டிசம்பர் 1 தாள் கிழிந்து, நான்காக மடித்து என் காபி டம்ளருக்கு அடியில் இருந்தது. பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து: "நவ. 16, மாலை 3.40. இருமல் இன்றோடு 17ஆம் நாள். டாக்டரிடம் காட்டு." மூன்று வாரம் வரை இருக்கும்பா, மருத்துவச் சங்கமே சொல்லியிருக்கிறது என்றேன். கேட்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குக் கூட்டிப் போகிறார்.